வாய் திறக்கும் பீரியட்: எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். ஆங்கிலத்தில் 80க்குக் குறைந்து வாங்கியதில்லை. 'மை மதர்' கட்டுரையை ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் பள்ளியைப் பார்க்க வந்திருந்த ஒருவர் அவளிடம் சாதாரணமாகக் கேட்டார்: "ஹவ் டு யூ கம் டு ஸ்கூல்?" அவள் தினமும் பஸ்ஸில் வருகிறவள். 'பை பஸ்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். அரை நிமிஷம் கழித்து "ஸாரி சார்" என்றாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எண்ணினால் அவள் ஆங்கிலம் படிக்கும் ஒன்பதாவது வருஷம் அது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. தமிழோடு ஆங்கிலமும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குள்ள 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். தேர்வில் இல்லாததை வகுப்பில் யாரும் செய்வதில்லை. ஆக அந்தப் பெண்ணிடம் குறை இல்லை. நாங்கள் அவளைப் பேச விட்டதே இல்லை.

அதன் பிறகு நான் வகுப்பை மாற்றிக்கொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்வழி வகுப்பு, 40 பிள்ளைகள், ஒரு போர்டு, ஒரு சாக்பீஸ் டப்பா, கையில் ஒரு போன். இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. ஜூனில் தொடங்கி மார்ச் வரைக்குமான வேலை இது. பத்தாம் வகுப்பில் தொடங்க நினைக்காதீர்கள். அங்கே யாரும் உங்களை விடமாட்டார்கள்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்

ஒரு பீரியட் 40 நிமிஷம். உள்ளே வந்து உட்கார, அட்டெண்டன்ஸ் எடுக்க 5 போய்விடும். நாம் பாடம் நடத்துவது, போர்டில் எழுதுவது, 'அங்க என்னடா சத்தம்' என்பது எல்லாம் சேர்த்து 25. மிச்சம் 10 நிமிஷம், அதாவது 600 விநாடி. 40 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 15 விநாடி. இதுவும் எல்லோரையும் எழுப்பிக் கேட்டால்தான். நிஜத்தில் முன்பெஞ்சில் இருக்கும் ஐந்து பேர் அந்த 600 விநாடியையும் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

அதே 10 நிமிஷத்தைப் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாகப் பேச விட்டால்? 20 ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசும். ஆளுக்கு 5 நிமிஷம், 300 விநாடி. புத்தகமும் ஆசிரியரும் மாறவில்லை. பேசும் நேரம் மட்டும் 20 மடங்கு ஆகிவிட்டது. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

சத்தம் வரும். 20 ஜோடி பேசினால் சந்தைக்கடை மாதிரித்தான் இருக்கும். அதனால் முதல் வாரமே ஹெச்எம்மிடம் போய், "செவ்வாய், வியாழன் இரண்டாவது பீரியட் என் வகுப்பில் இரைச்சல் இருக்கும், அது பாடம்தான்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு சாரிடமும் சொல்லுங்கள். அவர்தான் முதலில் கோபப்படுவார்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வாரம் மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம், மூன்றே கேள்வி. வீட்டில் யார் யார்? நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்? எது பிடிக்கும், ஏன்? ஒரு நோட்டில் மூன்று குறிகளில் ஒன்று போடுங்கள்: ஒற்றைச் சொல்லாகப் பேசுகிறவர், உடைந்த வாக்கியமாகப் பேசுகிறவர், தப்போ சரியோ வாக்கியமாகப் பேசுகிறவர். மதிப்பெண் வேண்டாம், சிவப்பு மை வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் அந்த ஒரு நிமிஷத்தைப் போனில் பதிந்து வையுங்கள். மார்ச்சில் உதவும். பதிவதை ஹெச்எம்மிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம், பேச்சில் முந்துகிறவர்கள் மார்க்கில் முந்துகிறவர்கள் இல்லை என்பதுதான். லீவு நாளில் மாமாவோடு சுற்றுலா வேனில் கிளீனராகப் போகும் ஒரு பையன் எழுத்தில் 35ஐத் தொடவே திணறுவான். அவன் என்னிடம் "டூரிஸ்ட் கம், ஐ டேக் லக்கேஜ், தே கிவ் டிப்ஸ்" என்றான். இலக்கணம் இல்லை, பயமும் இல்லை. அவனை நடு பெஞ்சில் போட்டேன். இரண்டு பக்கமும் பேசாமடந்தைகள்.

சிரிப்புக்கு ஒரு முடிவு கட்டுங்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளை பேசாததற்கு முதல் காரணம் வார்த்தை இல்லாதது அல்ல. பின்பெஞ்சில் யாராவது 'க்ளுக்' என்று சிரிப்பார்கள் என்பதுதான். 13, 14 வயதில் அந்த ஒரு சிரிப்பு ஒரு வருஷத்துக்கு வாயைப் பூட்டிவிடும். 'பீட்டர் விடுறான்' என்ற கேலியும் உண்டு. தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் சிரிப்பு. பாவம், பிள்ளை எங்கே போகும்?

நான் செய்தது இரண்டு காரியம். ஒன்று, நானே தப்பு செய்வது. வேண்டுமென்றே அல்ல, தெரியாத வார்த்தை வந்தால் 'எனக்கும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்வது. இரண்டாவது, தமிழைத் தடை செய்யாமல் இருந்தது. 'தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம்' என்று சில பள்ளிகளில் வைத்திருப்பார்கள். அங்கே பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்கிறார்களோ இல்லையோ, சும்மா இருக்கக் கற்றுக்கொள்வார்கள். தமிழ் இருக்கட்டும். ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வர ஒரு படிக்கட்டு கொடுங்கள். என் வகுப்புச் சுவரில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஐந்து வாக்கியம் எழுதி ஒட்டியிருந்தேன்:

"ஸே இட் அகெய்ன், ப்ளீஸ்."
"ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."
"ஒன் மினிட் மிஸ், ஐ ஆம் திங்கிங்."
"ஹவ் டு யூ ஸே திஸ் இன் இங்கிலீஷ்?"
"கேன் ஐ ஸே இட் இன் தமிழ்?"

இந்த ஐந்தும் இருந்தால் எந்தப் பிள்ளையும் முழு ஊமையாக நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது வாக்கியம்தான் பொக்கிஷம். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அரை நிமிஷத்துக்கு அது ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்துவிடுகிறது.

அட்டெண்டன்ஸிலிருந்தே தொடங்குங்கள்

'பிரசன்ட் மிஸ்' என்பதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வாக்கியம். தினம் ஒரு கேள்வியைப் போர்டில் எழுதிவிடுவேன். 40 பேரும் பதில் சொல்லி முடிக்க மூன்று, நான்கு நிமிஷம்தான் ஆகும். முன்னால் நாலு பேர் சொல்வதைக் கேட்டுவிட்டு ஐந்தாவது பிள்ளை அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லும். காப்பியடிக்கட்டும். பேச்சு அப்படித்தான் வரும்.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் வாரம் 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்டேன். 'ஐ ஹேட் இட்லி', 'ஐ ஹேட் தோசா' என்று உற்சாகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் ஒருத்தி எழுந்து "நோ மிஸ்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; எட்டாம் வகுப்புக்கு மத்தியானச் சத்துணவு மட்டும்தான். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டேன். சாப்பாடு, புதுத்துணி, அப்பா வேலை, லீவுக்கு எந்த ஊர் போனாய் ஆகியவற்றைப் பொதுவில் கேட்காதீர்கள். வழியில் என்ன பார்த்தாய், நேற்று யாரோடு சண்டை, உன் தெருவில் மோசமான நாய் எது என்று கேளுங்கள். நாய்க்கு வந்த பதில்கள் மாதிரி வேறெதற்கும் வந்ததில்லை.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள்

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்கிறார்கள். கேள்வி கேட்பது ஆசிரியரின் வேலை. அதனால்தான் "வேர் யூ ஆர் கோயிங்?" என்பது டிகிரி முடித்த பிறகும் போவதில்லை. காரணம் எளிது. தமிழில் கேள்விக்கு வாக்கியத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 'நீ கடைக்குப் போகிறாய்', 'நீ எங்கே போகிறாய்'; சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'போகிறாயா' என்று ஒரு ஆகாரம் ஒட்டினாலே கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இடம் மாற வேண்டும்.

இதைப் போர்டில் விதியாக எழுதினால் நோட்டுக்குப் போகும், வாய்க்கு வராது. நாலு பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லுங்கள். கையில் ஆளுக்கொரு அட்டை: 'யூ', 'ஆர்', 'கோயிங்', 'டு த ஷாப்'. வரிசையாக நிற்கட்டும், வகுப்பு சேர்ந்து படிக்கட்டும். இப்போது 'டு த ஷாப்' போய் உட்காரட்டும், 'வேர்' என்ற அட்டையோடு ஒருவர் இடது கோடியில் வந்து நிற்கட்டும். 'யூ'வும் 'ஆர்'ம் இடம் மாற வேண்டும். மாறும்போது இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொள்வார்கள், வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு நல்லது. 'வேர் ஆர் யூ கோயிங்?'

இதையே ஆறேழு வினாச்சொல்லோடு இரண்டு வாரம் செய்யுங்கள். அப்புறம் 'டூ', 'டஸ்', 'டிட்' வரும். அது கஷ்டம், ஏனென்றால் சாதாரண வாக்கியத்தில் இல்லாத ஒரு ஆள் கேள்வியில் திடீரென்று வந்து நிற்கிறார். அட்டை வைத்தே செய்தால் 'டிட்' பிடித்திருக்கும் பையன் வந்து நின்றவுடன் 'வென்ட்' பிடித்திருப்பவன் தன் அட்டையைத் திருப்பி 'கோ' ஆக்க வேண்டும். ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு, "'டிட்' வந்தா இறந்தகாலத்தை அவரே எடுத்துக்கிறாரு மிஸ்" என்றான். அதைவிட நல்ல இலக்கண விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த இரண்டும் தொண்டையில் இறங்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஜோடியாகப் பேச வைத்தால் அதில் பாதிப்பேச்சு கேள்விதான்.

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது

'பக்கத்திலிருப்பவனோடு ஆங்கிலத்தில் பேசு' என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. ஏன் பேச வேண்டும்? அவன் பெயர் தெரியும், அப்பா பெயர் தெரியும், நேற்று எந்தப் பரீட்சையில் பிட் அடித்தான் என்பதுகூடத் தெரியும். பேச்சுக்கு ஒரு தேவை வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக்காரர் வேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர் பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று மொழி ஆசிரியர்கள் உலகில் பெயர்பெற்ற முயற்சி அது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், பிள்ளைகளின் கையில் ரயில் அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வது. மனம் சிக்கலில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கட்சி. பணி வழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுவதற்கு முன்னோடிகளில் ஒன்று கடலூரிலும் நடந்தது என்பதை நம் ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் யாரும் சொல்லக் காணோம்.

சரி, என் வகுப்பில் நன்றாக ஓடிய ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். திருச்சியில் இருக்கிறீர்கள். தஞ்சாவூரில் கல்யாணம், முகூர்த்தம் 10.30. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்கு 15 நிமிஷ நடை. கூடவே முழங்கால் வலியுள்ள பாட்டி. எந்த பஸ்ஸைப் பிடிப்பது?

ஜோடியில் ஒருவருக்கு ஒரு சீட்டு. அதில் மூன்று பஸ்கள் புறப்படும் நேரம் மட்டும்: 8.10, 8.40, 9.05. மற்றவருக்கு இன்னொரு சீட்டு. அதில் முதல் பஸ்ஸுக்கு 1 மணி 45 நிமிஷம் ஆகும், காலியாக இருக்கும். இரண்டாவது 1 மணி 20 நிமிஷம், நிற்கத்தான் இடம். மூன்றாவதும் 1 மணி 20 நிமிஷம், இடம் உண்டு. நேரமெல்லாம் நான் இட்டுக்கட்டியதுதான். சீட்டைக் காட்டக்கூடாது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் போர்டில் வேறு ஊர், வேறு நேரம் போட்டு வகுப்போடு சேர்ந்து ஒருமுறை செய்து காட்டுங்கள். தேவைப்படும் வாக்கியம் மூன்று நான்குதான்: 'வென் டஸ் த ஃபர்ஸ்ட் பஸ் லீவ்?', 'ஹவ் லாங் டஸ் இட் டேக்?', 'ஆர் தேர் ஸீட்ஸ்?' போர்டிலேயே இருக்கட்டும். அப்புறம் 8 நிமிஷம் ஜோடிகளிடம் விட்டுவிடுங்கள்.

9.05 பஸ் 10.25க்குத்தான் போய்ச் சேரும். நடந்து போனால் 10.40, தாலி கட்டி முடிந்துவிடும். அதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சண்டை மற்ற இரண்டிலும்தான். "8.40, பாட்டி ஸ்டாண்டிங், நோ!" என்றாள் ஒருத்தி. "8.10 டூ எர்லி, பாட்டி பாத்ரூம் டைம்" என்றான் அவள் ஜோடி. இந்த இடத்தில்தான் நாம் குனிந்து, 'ஷி கான்ட் ஸ்டாண்ட்', 'ஷி நீட்ஸ் டைம்' என்று ஒரு துண்டை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தேவைப்படும் விநாடியில் கிடைத்த வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் வேறொரு வேலையில் அதே பெண் 'ஹி கான்ட் ஸ்விம்' என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிரபு ஜோடிப் பேச்சையும் குழுப் பேச்சையும் பெரிதாக விரும்பவில்லை. அரைகுறை ஆங்கிலத்தைப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் என் குறி பேச்சு. 15 விநாடியா 300 விநாடியா என்று வந்தால் நான் அரைகுறையைத் தாங்கிக்கொள்வேன்.

இந்த மாதிரிச் சீட்டுகள் வருஷத்துக்கு 15 செய்தால் போதும். மருந்துச்சீட்டும் மருந்துக்கடையும், ஒரே தெருவின் இரண்டு அரைகுறை வரைபடம், ஒரு படத்தில் பத்து வித்தியாசம், காணாமல்போன ஆட்டை அடையாளம் சொல்வது, திருவிழா செலவுக் கணக்கில் 200 ரூபாய் உதைப்பது என்று போகலாம். ஒருமுறை செய்தால் லேமினேட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து செக்‌ஷனுக்கும் ஆகும்.

உச்சரிப்பில் எதைப் பிடிப்பது, எதை விடுவது

எல்லா ஒலியையும் திருத்தப் போனால் வருஷம் அதிலேயே போய்விடும். பி.பி.சி. செய்தி வாசிப்பவரை உருவாக்குவது நம் வேலை இல்லை. கேட்பவருக்கு அர்த்தம் மாறிப்போகும் இடத்தை மட்டும் பிடியுங்கள்.

பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வார்த்தைக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதியிருப்பார்கள். பன்றி, பெரியது, எடு ஆகிய மூன்றுக்கும் அங்கே 'பிக்' என்று ஒரே எழுத்துதான் இருக்கும். குறை எழுத்தில், ஆனால் வாயும் அந்த எழுத்தையே பின்பற்றும். (இந்தக் கட்டுரையில் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது. வகுப்பில் செய்யமாட்டேன்.)

இதற்கு மருந்து நம் தமிழிலேயே இருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை மெதுவாக, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு. முதல் 'ப'வுக்குத் தொண்டை சும்மா இருக்கும். 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப'வுக்கு அதிரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அந்த இரண்டாவது 'ப'வை மட்டும் உருவி எடுத்து வார்த்தையின் தொடக்கத்தில் வைத்தால் 'பெரியது' கிடைத்துவிட்டது. அதேபோல 'தங்கம்', 'பந்து', 'வண்டி'. பிறந்ததிலிருந்து இந்த ஒலிகளைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த நாளில் வகுப்பு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது.

அடுத்து, கடைசியில் ஒட்டும் உகரம். 'புக்கு', 'பஸ்ஸு', 'காட்டு'. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் வாய் ஒரு குற்றியலுகரத்தைப் போட்டு முடித்துவைக்கிறது. தமிழய்யா வகுப்பில் படித்த அதே குற்றியலுகரம்தான். உதட்டைக் குவிக்காமல் சட்டென்று நிறுத்து என்றால் இரண்டே நாளில் வந்துவிடும். 'எக்' என்பதை 'யெக்' என்பது, 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்பது எல்லாம் இதைவிடச் சின்ன விஷயம். போகிறபோக்கில் சொன்னால் போதும். குறில், நெடில் வித்தியாசம் நம் பிள்ளைகளுக்கு ரத்தத்திலேயே இருப்பதால் 'ஷிப்', 'ஷீப்' குழப்பம் வராது. வேறு சில மொழிக்காரர்கள் அதில்தான் மாதக்கணக்கில் கிடந்து தவிப்பார்கள்.

நேரம் செலவிட வேண்டிய இடம் அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை. ஆங்கிலத்தில் ஒரு அசை எஜமான், மற்றவை வேலைக்காரர்கள். 'ஹோட்டல்' என்று நாம் முதலில் அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் 'டெல்' மேல் அழுத்தம். 'கமிட்டி'க்கு நடுவில். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் விழும் அழுத்தம், அதுவே 'ஃபோட்டோகிராஃபி' ஆனால் இரண்டாவதுக்குத் தாவிவிடும். ஆளுக்கொரு ரப்பர் பேண்டைக் கொடுத்து, அழுத்தம் வரும் அசையில் இழுக்கச் சொல்லுங்கள். பையன்கள் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவார்கள். பீரியட் முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாக்கியத்துக்குக் கைத்தட்டல். 'டாக்ஸ் ஈட் போன்ஸ்' என்று மூன்று தட்டு. பிறகு 'த டாக்ஸ் வில் ஈட் த போன்ஸ்'. தட்டு அதே மூன்றுதான்; நடுவில் வந்த குட்டிச் சொற்கள் ஓடிப்போய் இடுக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாளத்தில் வளர்ந்த பிள்ளைகள், பிடித்துக்கொள்வார்கள். வாரம் 5 நிமிஷம் போதும்.

திருத்துவதில் கை இறுக்கம்

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள். ஜோடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே காதில் விழுந்த தப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி 5 நிமிஷம், பெயர் சொல்லாமல், மூன்றே மூன்றைப் போர்டில் எழுதி 'இதில் என்ன?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நாம் அதிகம் செய்வது வேறு. பிள்ளை 'ஹி கோ மார்க்கெட்' என்றால், நாம் உடனே 'யெஸ், ஹி கோஸ் டு த மார்க்கெட்' என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கனடாவில் ஃபிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளின் வகுப்பறைகளை லிஸ்டர், ரான்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவனித்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் மிக அதிகமாகச் செய்தது இந்தத் திருப்பிச் சொல்லல்தான். பிள்ளைகள் மிகக் குறைவாகக் கண்டுகொண்டதும் அதுவேதான். 'யெஸ்' என்றதுமே 'நான் சொன்னது சரி' என்று பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பதில் 'ஹி…?' என்று இழுத்துவிட்டுப் புருவத்தைத் தூக்குங்கள். வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்தே சரியாக வர வேண்டும்.

இழுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஆசிரியர்களின் கேள்விகளை நேரம் பிடித்துப் பார்த்தார். கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்பு. நம் பிள்ளை தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு வர வேண்டும். ஐந்து விநாடியாவது கொடுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

எதை விடலாம்? 'டுடே ஒன்லி ஐ கேம்' என்பதில் வரும் 'ஒன்லி' நம் 'தான்'. நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான் பேசுகிறார்கள்; புரிகிறது; விட்டுவிடுவேன். 'ஏ', 'த' விடுபட்டால் எட்டாம் வகுப்பில் விடுவேன், ஏனென்றால் தமிழில் அந்தச் சாமானே கிடையாது, மெதுவாகத்தான் வரும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொன்னால் விடமாட்டேன். அது கேட்பவரைக் குழப்பிவிடும்.

ஒரே கதையை மூன்று முறை

சரளம் என்பது புதிதாகப் பேசுவதால் வருவதில்லை. பேசியதையே மறுபடி பேசுவதால் வருகிறது. நியூசிலாந்து மொழியறிஞர் பால் நேஷன் பரப்பிய ஒரு முறை உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிஷம், வேறொருவரிடம் 3 நிமிஷம், மூன்றாமவரிடம் 2 நிமிஷம் சொல்வது. நம் பிள்ளைகளுக்கு 4 நிமிஷம் மலை மாதிரி. நான் 90, 60, 45 விநாடி என்று வைத்துக்கொண்டேன். ஒரு பெஞ்ச் வரிசை அப்படியே இருக்கும், மற்ற வரிசை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடம் நகரும். முதல் சுற்றில் திக்கித் திணறும் பிள்ளை மூன்றாம் சுற்றில் கையை ஆட்டிக்கொண்டு பேசும். ஆக அடுத்தடுத்து ஆள் மாற வேண்டும். ஒரே ஆளிடம் மூன்று தடவை சொன்னால் அவனுக்கும் அலுக்கும், இவனுக்கும் அலுக்கும்.

விஷயம் தேடி வெளியே போக வேண்டாம், பாடப்புத்தகக் கதையையே எடுங்கள். 'கதையில் வரும் அண்ணன் நீதான், நடந்ததைச் சொல்' என்றால் பேச்சும் ஆயிற்று, பாடமும் முடிந்தது, சிலபஸ் முடியவில்லை என்று யாரும் கேட்கவும் முடியாது. திங்கள், புதன், வெள்ளி வழக்கமான பாடம். செவ்வாயில் சீட்டு வேலை. வியாழனில் இந்த மூன்று சுற்று. இதற்கு மேல் திட்டம் போட்டால் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

பேசவே பேசாத பிள்ளை

எந்த வகுப்பிலும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். நான்கைந்து மாதம்கூட வாய் திறக்காது. வற்புறுத்தாதீர்கள். ஜோடியில் கேட்கும் வேலை, நேரம் பார்க்கும் வேலை, சீட்டு விநியோகம் என்று கொடுங்கள். கேட்பதும் கற்பதுதான். ஆனால் திக்குவாய், காது மந்தம் போன்ற காரணம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு பையன் பதில் சொல்லாததற்குக் காரணம் அவனுக்கு என் கேள்வியே காதில் விழவில்லை என்பதுதான் என்று அக்டோபரில்தான் எனக்குத் தெரிந்தது. முன் பெஞ்சுக்கு மாற்றியதும் பேசினான்.

மார்ச்சில்

மறுபடி அதே மூன்று கேள்வி, அதே ஒரு நிமிஷம். மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் மூன்றைப் பாருங்கள்: புரிந்ததா, எவ்வளவு நேரம் நிற்காமல் பேசியது, எதிராளியிடம் ஒரு கேள்வியாவது கேட்டதா. இலக்கணத்துக்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. ஜூனில் பதிந்ததை அந்தப் பிள்ளைக்கு மட்டும், தனியாகப் போட்டுக் காட்டுங்கள். வகுப்பில் போடாதீர்கள்.

துப்பட்டா நுனியைச் சுற்றிய பெண்ணுக்கு நான் போட்டுக் காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டாள். அன்று பஸ் கிடைக்காமல் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் நான் பள்ளிக்கு வந்திருந்தேன். அறையை விட்டுப் போகிறவள் வாசலில் நின்று திரும்பினாள். "மிஸ், வை யூ ஆர்…" என்று தொடங்கி, நிறுத்தி, இரண்டு ஆட்காட்டி விரலையும் முன்னால் நீட்டி ஒன்றை ஒன்று தாண்டி இடம் மாற்றினாள். "வை ஆர் யூ லேட்?"